ஒன்றரைப் பவுன் வரைக்கும்

அமெரிக்காவில் வாடகை வீட்டுச் சாவி கைக்கு வருவதற்கு முன் குடியிருப்பு அலுவலகத்தில் பெரும்பாலும் மூன்று தாள்கள் கேட்பார்கள்: கையெழுத்திட்ட லீஸ், முன்பணம் கட்டிய ரசீது, ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுத்ததற்கான சான்று. மூன்றாவது தாள் என்று ஒன்று இருப்பதே பலருக்கு அந்த நிமிடம்தான் தெரியவரும். வெளியே வாடகை வேனில் பெட்டிகள் காத்திருக்கும். நின்றபடியே கைபேசியைத் திறந்து, முகவரியைத் தட்டி, மாதம் பன்னிரண்டோ பதினைந்தோ டாலருக்கு ஒரு பாலிசி வாங்கி, வந்த கோப்பை அப்படியே அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பை மறுபடி திறப்பது, என்றைக்காவது வெளியே போய்விட்டுத் திரும்பும்போது கதவு ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்த இரவில்தான்.

அந்த இரவில் கேட்கத் தோன்றும் கேள்வி ஒன்றே ஒன்று: திருட்டுப் போனதற்கு இந்தக் காப்பீடு பணம் தருமா? தரும். அதில் சந்தேகமில்லை. ஆனால் எதற்கு, எவ்வளவு, யாருடைய பொருளுக்கு என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது அந்தத் ‘தரும்’ கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. எடிசனிலோ டாலஸிலோ குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அது எதுவரை சுருங்கும் என்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டுக்காரர் எடுத்திருக்கும் காப்பீடு கட்டடத்துக்கானது. சுவர், கூரை, அவர் வைத்துக் கொடுத்த அடுப்பு ஆகியவற்றோடு அது நின்றுவிடும். குடியிருப்பவரின் சட்டையிலிருந்து மடிக்கணினிவரை எதுவும் அதில் சேராது. இது பலருக்கும் தெரியும். தெரியாத இன்னொன்று இருக்கிறது. குடியிருப்பவர் தாமாகப் பாலிசி வாங்கிக் காட்டாவிட்டால், சில குடியிருப்பு நிர்வாகங்கள் வாடகையோடு மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, தங்கள் திட்டம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிடுகின்றன. வாடகை ரசீதில் இன்ஷூரன்ஸ் என்ற பெயரிலேயே ஒரு வரி வரும். அதைப் பார்த்துத் தமக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். இந்தத் திட்டங்களில் பல, குடியிருப்பவரின் கவனக்குறைவால் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் அதை ஈடுகட்டுவதற்காக மட்டுமே இருப்பவை. குளியல் தொட்டி நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் அது பேசும். திருடன் வந்து போனால் பேசாது. கட்டுவது நாம், காப்பு வீட்டுக்காரருக்கு. ஆகவே வாடகை ரசீதில் அந்த வரியைப் பார்ப்பவர்கள், அதன் பின்னால் இருக்கும் பாலிசியில் சொந்தப் பொருள்களுக்கென்று ஒரு தொகை எழுதியிருக்கிறதா என்று உடனே பார்த்துவிடுவது நல்லது.

சொந்தமாக வாங்கும் பாலிசிக்குக் காப்பீட்டுத் துறையில் எச்.ஓ.-4 என்று பெயர். வீட்டு உரிமையாளருக்கான பாலிசி வரிசையில் நான்காவது எண். இந்த வரிசையே 1950-இல் தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்கா அந்த ஆண்டு, தீ, திருட்டு, பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் கட்டி விற்றது. அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். தீக்காப்பையும் திருட்டுக் காப்பையும் ஒரே நிறுவனம் சேர்த்து எழுதப் பல மாநிலச் சட்டங்கள் 1940-களின் இறுதிவரை இடம் தரவில்லை. இன்று பெரும்பாலான நிறுவனங்கள், இன்ஷூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்ற அமைப்பு எழுதித்தரும் மாதிரிப் படிவத்தையோ அதைத் தழுவியதையோ பயன்படுத்துகின்றன. அந்த அமைப்பு இப்போது வெரிஸ்க் என்ற நிறுவனத்தின் கையில். தலைமையகம் ஜெர்சி சிட்டியில். இந்தியர்கள் நிறைய வாழும் ஒரு நகரத்தில் இருந்துகொண்டுதான் அந்தப் படிவம் இந்திய வீட்டுக்குப் பொருந்தாமல் இருக்கிறது என்பது சும்மா ஒரு வேடிக்கை. நான் கையில் வைத்துக்கொண்டு எழுதுவது அதன் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பை. மாநிலத்துக்கு மாநிலம், நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் சற்று மாறும், அமைப்பு இதுதான்.

அந்தப் படிவம் பதினாறு ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தீ, மின்னல், புயல், கலவரம், பனியின் பாரம், எரிமலை வெடிப்புகூட உண்டு. திருட்டும் அதில் ஒன்று. பட்டியலில் இல்லாத காரணத்தால் பொருள் போனால் பணம் இல்லை. இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிடலாம். திருட்டு என்பதற்கு இந்தப் படிவம் தரும் பொருள் மிகவும் தாராளமானது. பூட்டு உடைந்திருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. திருட முயன்றதால் வந்த சேதமும் சேர்த்தி. ஒரு பொருள் குறிப்பிட்ட இடத்தில் இருந்தது, இப்போது இல்லை, சூழ்நிலையைப் பார்த்தால் திருட்டாக இருக்கத்தான் வாய்ப்பு என்றால் அதுவும் திருட்டே.

இந்தத் தாராளம் எளிதில் வந்துவிடவில்லை. பழைய கன்னக்கோல் (பர்க்ளரி) பாலிசிகள், பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இருக்க வேண்டும் என்று கேட்டன. 1940-களில் அமெரிக்க நிறுவனங்கள் எதிர்த்திசைக்குப் போயின: பொருள் மர்மமாகக் காணாமல் போனாலே திருட்டு என்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதின. வாடிக்கையாளர் சந்தோஷப்பட்டார், மோதிரத்தை எங்கே கழற்றி வைத்தோம் என்று மறந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். எது மர்மம், எது மறதி என்று நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் தீர்ப்பெழுதின. கடைசியில் நிறுவனங்கள் பின்வாங்கி நடுவில் வந்து நின்ற இடம்தான் இன்றைய வாசகம். பூங்காவில் நடக்கும்போது காதிலிருந்து கழன்று விழுந்த கம்மலுக்கு அது பணம் தராது. மேசை இழுப்பறையில் வைத்த கம்மல், பழுதுபார்க்க ஆள் வந்துபோன பிறகு காணவில்லை என்றால் தரும்.

இதன் அருமை, இந்தியப் பாலிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2004-இல் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் – ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பாலிசியில் பலவந்த நுழைவு என்று எழுதியிருந்தால் திருட்டுக்கு முன் பலவந்தம் நடந்தாக வேண்டும், சும்மா நுழைந்து எடுத்துக்கொண்டு போனால் அது அந்தப் பாலிசிக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. கீழே நுகர்வோர் ஆணையத்தில் வென்று வந்த வணிகர் அங்கே தோற்றார். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியை எடுத்துக்கொண்டால், அதில் திருட்டுக்கு இடம் உண்டு. ஆனால் தீ, வெள்ளம் போல அந்தப் பாலிசி ஏற்கும் ஒரு விபத்து நடந்து, அதன் விளைவாக ஏழு நாளைக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும். வெறுமனே திருடன் வந்தால் தனியாகக் கன்னக்கோல் காப்பு வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போது, பூட்டு உடையாத திருட்டையும் சேர்க்கும் நீட்டிப்பு உண்டா என்று முகவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கதவை உடைக்காமல் திருடன் வருவது அபூர்வமா என்ன? அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், வீடு, கடை போன்ற கட்டடங்களில் புகுந்த திருட்டுகளில் 37.8 விழுக்காடு பலவந்தம் இல்லாத நுழைவு. திறந்த ஜன்னல், பூட்டாத பால்கனிக் கதவு, யாரோ உள்ளே போகும்போது பின்னாலேயே நுழைந்துவிடும் பொதுவாசல். கண்டிப்பான கன்னக்கோல் பாலிசி வைத்திருந்தால் இப்படித் திருட்டுக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் ஒரு பைசா கிடைத்திருக்காது. அதே கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: அந்த ஆண்டு இத்தகைய திருட்டுகளில் துப்புத் துலங்கியவை 14.1 விழுக்காடு. போன பொருள் திரும்பி வரும் என்று காத்திருப்பதைவிட, பாலிசியைப் படிப்பது மேல்.

வீட்டுக்குள் இருந்துதான் போக வேண்டும் என்றும் இல்லை. காரின் பின்னிருக்கையிலிருந்து மடிக்கணினி போனால் கார் இன்ஷூரன்ஸ் அதைப் பார்க்காது. ரென்டர்ஸ் பாலிசி பார்க்கும். ஊருக்கு வந்த இடத்தில், எழும்பூர் ரயில் நிலையத்தில் கைப்பை போனாலும் அதே பாலிசிதான். சொந்தப் பொருளை உலகத்தின் எந்த மூலையிலும் காப்போம் என்கிறது படிவம்.

இதுவரை படித்தவர் நிம்மதியாகப் பாலிசியை மூடிவைத்துவிடலாம், அவர் வீட்டில் தங்கம் இல்லையென்றால்.

பொருள்களுக்கு மொத்தம் 20,000 டாலர் என்றோ 30,000 டாலர் என்றோ பாலிசியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். இரண்டு மூன்று பக்கம் தள்ளி, சிறப்பு வரம்புகள் என்ற தலைப்பில் ஒரு பட்டியல் வரும். குறிப்பிட்ட வகைப் பொருள்களுக்கு, மொத்தத் தொகை எவ்வளவாக இருந்தாலும், ஒரு சம்பவத்துக்கு இவ்வளவுதான் என்று வெட்டும் பட்டியல் அது. நகை, கைக்கடிகாரம், ரோம உடை, ரத்தினக்கல் எல்லாம் சேர்த்துத் திருட்டுப் போனால் 1,500 டாலர். துப்பாக்கிகளுக்கு 2,500. வெள்ளிப் பாத்திரம், வெள்ளித் தட்டு, பொன் முலாம் பூசிய சாமான்களுக்கு 2,500. ரொக்கத்துக்கு 200.

ஒவ்வொரு நகைக்கும் 1,500 அல்ல. வீட்டில் உள்ள எல்லா நகைக்கும் சேர்த்து.

இந்த 1,500 என்ற எண் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இருந்தது, 2011-லும் இருக்கிறது. தங்கத்தின் விலை அப்படி ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2000-இல் ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், சராசரியாக 280 டாலர் அளவில் விற்றது. அந்த விலையில் 1,500 டாலருக்குச் சுமார் 21 பவுன் சுத்தத் தங்கம் வரும். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் நகைப்பெட்டி ஏறக்குறைய முழுசாக அதற்குள் அடங்கியிருக்கும். 2011-இல் அவுன்ஸின் சராசரி விலை 1,570 டாலர் அளவில் இருந்தது; அதே தொகை நான்கு பவுனுக்கும் போதவில்லை. 2025 அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் 1,500 டாலர் என்பது ஒன்றரைப் பவுன். ஒரு சின்ன மோதிரமும் ஒரு ஜோடித் தோடும். தாலிக்கொடியை விட்டுவிடுவோம், அதில் கோத்திருக்கும் உருக்களுக்குக்கூட வராது.

காசாக வாங்கி வைத்தவர்களின் நிலை இன்னும் மோசம். அட்சய திருதியைக்குப் பவுன் காசு வாங்கிச் சேர்ப்பது நம்மிடம் உள்ள பழக்கம். செய்கூலி, சேதாரம் போகாது என்று கணக்குப் பார்ப்பவர்கள் காசாகத்தான் வாங்குவார்கள். படிவம், ஆபரணமாகவோ பாத்திரமாகவோ இல்லாத தங்கத்தை, நாணயத்தை, கட்டியை, ரொக்கப் பணத்தோடு ஒரே பெட்டியில் போட்டு 200 டாலர் என்கிறது. ஐந்து பவுன் காசு போனாலும் 200. கூடவே அலமாரியில் இருந்த ஆயிரம் டாலர் ரொக்கமும் போயிருந்தால், இரண்டுக்கும் சேர்த்து அதே 200. பாட்டியின் காசுமாலை திருட்டுப் போனால் அதை நகை என்பார்களா, நாணயம் என்பார்களா? மாலையாகக் கோத்து அணிந்ததால் நகைதான் என்று வாதாடலாம். நானாக இருந்தால் வாதாடுவேன். ஜெயித்தாலும் ஒன்றரைப் பவுன்தான்.

இன்னொரு முரணும் இருக்கிறது. நகைக்கான 1,500 வரம்பு திருட்டுக்கு மட்டும். வீடு தீப்பிடித்து அதே நகை உருகிப் போனால் அந்த வரம்பு இல்லை. பாலிசியின் மொத்தத் தொகைவரை கேட்கலாம். இது தற்செயல் அல்ல. தீ எல்லாப் பொருளையும் ஒரேபோல் பார்க்கிறது, திருடன் தேர்ந்தெடுக்கிறான். சிறியது, விலை உயர்ந்தது, கேள்வி கேட்காமல் விற்கக்கூடியது எதுவோ அதை எடுப்பான். அந்த மாதிரிப் பொருள் நிறைய வைத்திருப்பவரின் ஆபத்தை, இல்லாதவரின் பிரீமியத்தில் ஏற்ற முடியாது என்பது நிறுவனங்களின் கணக்கு. காப்பீட்டுக் கணக்கியலின்படி அது நியாயமும்கூட. 2021-இல் அமெரிக்காவில் ரென்டர்ஸ் பாலிசியின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 170 டாலர் அளவில்தான் இருந்தது. அந்தத் தொகைக்கு முப்பது பவுனை யாரும் காக்க மாட்டார்கள்.

ஆனால் சராசரி வீடு என்று அவர்கள் மனதில் வைத்திருப்பது யார் வீடு என்று கேட்கலாம். நகைக்கு 1,500, துப்பாக்கிக்கு 2,500 என்ற விகிதமே அதைச் சொல்லிவிடுகிறது. சேமிப்பு வங்கியிலும் பங்குச் சந்தையிலும் இருக்கும், வீட்டில் ஒரு கல்யாண மோதிரமும் ஒரு கைக்கடிகாரமும் இருக்கும், சோபாவும் தொலைக்காட்சியும்தான் பெரிய சொத்து என்று நினைத்து எழுதிய பட்டியல் அது. பெண்ணின் சொத்து கழுத்திலும் காதிலும் பீரோவிலும் இருக்கும் வீட்டை அது நினைத்துப் பார்த்ததில்லை. திருடர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையில் பல மாநிலங்களில் ஆசிய, தெற்காசியக் குடும்பங்களின் வீடுகளையே குறிவைத்துப் புகுந்து கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 2019-இல் டெட்ராய்ட் கூட்டரசு நீதிமன்றம் 37 ஆண்டுச் சிறை விதித்தது. தீபாவளி நெருங்கும்போது, இந்தியர்கள் அதிகம் வாழும் ஊர்களில் காவல் துறையினர் தங்கநகைத் திருட்டைப் பற்றி எச்சரிப்பதும் உண்டு.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கணக்கை முடித்துவிடலாம். அவுன்ஸ் 4,000 டாலர். முப்பது பவுன் நகை, 22 காரட். தங்கத்தின் மதிப்பு மட்டும் சுமார் 28,000 டாலர். இரண்டு பவுன் காசு, 1,900. ரொக்கம் 800. வெள்ளிக் குத்துவிளக்கும் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் 1,800. மடிக்கணினி, கேமரா 2,100. எல்லாம் ஒரே இரவில் போயிற்று: மொத்தம் 34,600. பாலிசியில் பொருள்களுக்கு 30,000 டாலர் என்று எழுதியிருக்கிறது. நகைக்கு 1,500. காசுக்கும் ரொக்கத்துக்கும் சேர்த்து 200. வெள்ளிக்கு முழுசாக 1,800. மடிக்கணினிக்கும் கேமராவுக்கும் 2,100, அதுவும் புதிதாக வாங்கும் விலை தரும் பாலிசியாக இருந்தால். கூட்டினால் 5,600. இதில் முதல் 500 டாலர் நம் தலையில் என்று டிடக்டிபிள் வைத்திருந்தால், கைக்கு வருவது 5,100. போனதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் தேறும்.

மடிக்கணினிக்கு முழுத் தொகை, தாலிக்கொடிக்குச் சில்லறை.

யாருடைய பொருள் என்பதும் சிக்கல்தான். காப்பு பெறுபவர் என்று படிவம் சொல்வது பாலிசியில் பெயருள்ளவரை, அவரோடு ஒரே வீட்டில் வாழும் கணவரை அல்லது மனைவியை, அதே வீட்டில் வாழும் உறவினரை. ஒரே வீட்டில் சேர்ந்து தங்கும் மூன்று பையன்களில் ஒருவன் பாலிசி எடுத்தால், மற்ற இருவரும் வாடகையைப் பங்கு போட்டாலும் அந்தப் பாலிசிக்கு அந்நியர்கள். தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். சில நிறுவனங்கள் ரூம்மேட்டின் பெயரையும் சேர்க்க விடும். சேர்த்தால் இன்னொரு வினோதம் வரும்: காப்பு பெறுபவரே செய்த திருட்டுக்குப் பணம் இல்லை என்பது விதி. ரூம்மேட் பாலிசிக்கு வெளியே இருக்கும்வரை அவன் திருடினால் கேட்கலாம். உள்ளே வந்துவிட்டால் கேட்க முடியாது. அறை ஒன்றை நாமே வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தால், அந்த அறையிலிருந்து போனதற்கும் காப்பு இல்லை.

ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மாவின் வளையல்? விருந்தினரின் பொருளையும், நாம் கேட்டுக்கொண்டால், நம் பாலிசியில் சேர்த்துத் தருவார்கள். அதே 1,500 டாலருக்குள். மாமியாரும் மருமகளும் ஒன்றரைப் பவுனைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

திருட்டு நடந்த பின் செய்ய வேண்டியவற்றைப் படிவம் கண்டிப்பாக எழுதியிருக்கிறது. காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். போன பொருள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, விவரம், இன்றைய மதிப்பு, ரசீது என்று பட்டியல் தர வேண்டும். நிறுவனம் கேட்டால் 60 நாளைக்குள் உறுதிமொழியோடு இழப்பு அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். இந்தப் பட்டியலை உட்கார்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தன் வீட்டைத் தனக்கே எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது. எங்கே வாங்கியது, என்றைக்கு, எவ்வளவுக்கு என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து தூக்கி வந்த டேபிள் டாப் கிரைண்டருக்கு என்ன விலை எழுதுவது? ஐந்து வருடம் ஓடிய தொலைக்காட்சிக்கு? சாதாரணப் பாலிசி தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தரும். புதிதாக வாங்கும் விலையைத் தரும் இணைப்பு வாங்கியிருந்தாலும், 500 டாலருக்கு மேல் போனால் முதலில் தேய்மானம் கழித்த தொகை வரும். புதியதை வாங்கிக் காட்டிய பிறகுதான் மிச்சம்.

நகைக்கு இந்தக் கட்டங்கள் இன்னும் கடினம். 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்தியாவில் ஹால்மார்க் முத்திரையோடு வாங்கிய நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் பொறித்திருக்கும். ரசீதில் எடையும் காரட்டும் இருக்கும். அம்மா கழற்றிக் கொடுத்த அட்டிகைக்கு எந்த ரசீது? அதை யாரும் வாங்கவே இல்லை, வந்தது. அந்த இடத்தில் கைகொடுப்பது கல்யாண ஆல்பம். மணமேடைப் புகைப்படத்தில் கழுத்து, கை, இடுப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். இப்படியொரு நாளைக்கு உதவும் என்று யாரும் எடுத்ததில்லை. ரசீது இல்லாததை ஈடுகட்ட எடையைக் கூட்டி எழுதுவது மட்டும் கூடாது. வேண்டுமென்றே சொன்ன ஒரு பொய் நகையோடு நிற்காது, மொத்தக் கிளெய்மையும் கெடுத்துவிடும். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கிளெய்ம் என்று பதிவானது ஏழு ஆண்டுவரை நிறுவனங்களுக்குப் பொதுவான ஒரு பதிவேட்டில் இருக்கும். அடுத்த பாலிசிக்கு விலை சொல்லும்போது அதைப் பார்ப்பார்கள். டிடக்டிபிளைச் சற்றே தாண்டும் சின்ன இழப்புக்கு, வாசலில் வைத்த பார்சல் போனதற்கு, கிளெய்ம் போடாமல் விடுவதே பெரும்பாலும் லாபம்.

காப்பீட்டை விட்டால் வேறு வழி உண்டா? வரியில் கழிக்கும் வழி இருந்தது. வருமானத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போன திருட்டு இழப்பை முன்பு கழித்துக்கொள்ளலாம். 2017-இல் வந்த சட்டம் 2018 முதல் வீட்டுத் திருட்டுக்கு அதை மூடிவிட்டது. வீட்டுக்காரர்மேல் வழக்குப் போடலாம், அவர் தவறு இருந்தால் மட்டும். இதற்கு நியூ ஜெர்சியில் ஒரு புகழ்பெற்ற முன்மாதிரி இருக்கிறது. ஓவர்லுக் டெரஸ் என்ற குடியிருப்பில் புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி, கதவின் தாழ்ப்பூட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரிசெய்வதற்கு முன் திருடன் வந்துவிட்டான். 1975-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், பூட்டைச் சரியாக வைக்கத் தவறிய வீட்டுக்காரர் இழப்புக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பழுதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்கள் அறிவுறுத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் பூட்டு நன்றாக இருந்து, ஜன்னலை உடைத்து வந்தால் இந்தத் தீர்ப்பு உதவாது.

மிஞ்சுவது, நகையைப் பெயர் சொல்லிப் பாலிசியில் எழுதிவைப்பது. ஒவ்வொன்றையும் மதிப்பீட்டாளரிடம் காட்டிச் சான்று வாங்கி, தனி அட்டவணையாக இணைக்க வேண்டும். அப்படி எழுதிய நகைக்கு 1,500 வரம்பு இல்லை, பெரும்பாலும் டிடக்டிபிளும் இல்லை. பூங்காவில் கழன்று விழுந்த கம்மலுக்கும் பணம் உண்டு. செலவு ஆண்டுக்கு நகை மதிப்பில் ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடு. அந்த முப்பது பவுனுக்கு 280 முதல் 560 டாலர். மொத்தப் பாலிசியே 170 டாலராக இருக்கும்போது இது கண்ணை உறுத்தத்தான் செய்யும். அதோடு, விலை ஏறும்போது அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டும். 2025 அக்டோபரில், மூன்று வருடம் முன் எழுதிய மதிப்பு பாதிக்கும் கீழே இருந்தது. இதனால் பலரும் வங்கி லாக்கருக்குப் போகிறார்கள். அங்கேயும் ஒரு தப்பெண்ணம்: வங்கி வைப்புக்கு அமெரிக்க அரசுக் காப்பு 2,50,000 டாலர் இருக்கிறது, அது லாக்கரில் வைத்த நகைக்குக் கிடையாது.

லாக்கரில் இருக்கும் நகைக்கு அட்டவணை எழுதினால் சில நிறுவனங்கள் பிரீமியத்தை நன்றாகக் குறைக்கின்றன. ஒரு நிபந்தனையோடு. நகை வங்கியில் இருக்கும்வரை மட்டும் அந்தக் காப்பு. வெளியே எடுக்கும் முன் முகவரிடம் சொல்லி, எத்தனை நாளைக்கு என்று எழுதி வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் உறவினர் வீட்டுக் கல்யாணம் சனிக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை வங்கி மூடுவதற்குள் லாக்கரைத் திறக்க வேண்டும், அதற்கு முன் இன்ஷூரன்ஸ் முகவருக்கு ஒரு போன்: அட்டிகை, காசுமாலை, ஒட்டியாணம், திங்கட்கிழமை காலைவரை. அவர் ஒவ்வொன்றின் எழுத்தையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார்.